பிள்ளையை ஆண்டவர் கையில் கொடுத்த பிறகு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் சபையில் பெற்றோருக்கென்று மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறு குழு உண்டு. அதில் பேச்சைத் தொடங்கிவைப்பது சில வருஷங்களாக என் வேலை. நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் அம்மா, அவ்வளவுதான். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லிப் பழகிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

"பிள்ளையை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்கிறோம். அப்புறம் நமக்கு என்னதான் வேலை?

இதற்கு எல்லாரும் அன்னாளைத்தான் காட்டுவார்கள். பிள்ளையில்லாமல் அழுதவள். ஆண் பிள்ளை கிடைத்தால் கர்த்தருக்கே கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்தவள். சாமுவேலைப் பெற்று, அவன் பால்மறந்ததும் சீலோவில் ஆசாரியனாகிய ஏலியிடம் கொண்டுபோய் விட்டவள். பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் ஆமென் சொல்லி முடிந்துவிடுகின்றன. ஆனால் அடுத்த அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது, 1 சாமுவேல் 2:19. வருஷந்தோறும் பலி செலுத்தத் தன் புருஷனோடு வரும்போதெல்லாம் அவள் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருவாளாம்.

இந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அளவு பற்றிய யோசனைதான் வரும். வருஷத்துக்கு ஒருமுறைதான் அவனைப் பார்க்கிறாள். போன தடவை தன் இடுப்பளவு இருந்தானா, இப்போது எங்கே வந்திருப்பான், தோள் அகன்றிருக்குமா? எல்லாமே மனக்கணக்கு. கொஞ்சம் தாராளமாக வெட்டி, ஓரத்தில் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். வேதத்தில் அது இல்லை, எந்த அம்மாவும் செய்யக்கூடியது என்பதால் சொல்கிறேன்.

அவள் விட்டுவந்த வீடும் நல்ல வீடு இல்லை. ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலி செலுத்த வருகிறவர்களிடம் இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. ஆண்டுதோறும் அங்கே பலி செலுத்த வந்த குடும்பத்துக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் விட்டாள், விட்ட பிறகும் தைத்தாள். பிள்ளை யாருடையவன் என்ற கேள்வியில் கையைத் திறந்துவிட்டாள். அவனுக்கு என்ன தேவை என்ற கேள்வியில் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஒப்புக்கொடுத்தல் என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். பள்ளிக் கட்டணம், தடுப்பூசி, கண்டிப்பு, ராத்திரி விழிப்பு எதிலிருந்தும் அது நமக்கு விடுமுறை தருவதில்லை.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவது அவிசுவாசமா?

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. ஒரு நள்ளிரவில் காய்ச்சல் 103-ஐத் தாண்டியது. மருத்துவர் சொல்லியிருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, கவலைப்படாதே என்று சொல்லும் வசனங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். விடியும்போது காய்ச்சல் இறங்கியது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் மூத்த அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"மருந்து கொடுத்தியா?"

"கொடுத்தேன்க்கா."

"ஜெபம் பண்ணினியா?"

"வார்த்தையே வரல. இயேசப்பா, இயேசப்பான்னு மட்டும்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இயேசுவுக்குப் 12 வயதானபோது பஸ்கா பண்டிகைக்குப் போன இடத்தில் பெற்றோர் அவரைத் தவறவிட்டார்கள் என்று லூக்கா 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு நாள் பிரயாணம் கூட்டத்தோடு வருகிறான் என்று நம்பி நடந்துவிட்டார்கள். பிறகு திரும்பிப்போய்த் தேடி, மூன்று நாளைக்குப் பின் தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். "விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்கிறாள் மரியாள். தேவதூதனிடம் நேரடியாக வாக்குத்தத்தம் வாங்கியவளே விசாரத்தோடுதான் தேடியிருக்கிறாள். அதற்காக அவளை அவிசுவாசி என்று யாரும் சொன்னதில்லை.

மாற்கு 9-இல் மகனைக் குணமாக்கக் கேட்டு வரும் தகப்பன் இன்னும் வெளிப்படையானவர். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொல்கிறார். ஒரே மூச்சில் இரண்டும். போய் விசுவாசத்தை நிறைத்துக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மகன் குணமானான்.

என் கவலை தடம் மாறும் இடம் வேறு. மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவனுடைய பதினேழு வயதுப் பரீட்சைக்கு இன்றே பயப்படுவேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற வசனம், மத்தேயு 6:34, பாடே இருக்காது என்று சொல்லவில்லை. இன்றைய பாட்டோடு நிறுத்திக்கொள் என்கிறது. எனக்கு அது ஆறுதலைவிட ஒரு கண்டிப்பாகத்தான் கேட்கிறது.

நீதிமொழிகள் 22:6 ஒரு வாக்குத்தத்தம்தானே? சரியாக வளர்த்தால் பிள்ளை வழிமாறாது இல்லையா?

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." இந்த வசனம் எத்தனையோ பெற்றோருக்குத் தெம்பு கொடுத்திருக்கிறது. எத்தனையோ பெற்றோரை நொறுக்கியும் இருக்கிறது. பிள்ளை வழிமாறினால் "அப்போ நீங்கள் சரியாக நடத்தவில்லை" என்று அர்த்தம் ஆகிவிடுகிறதே.

நீதிமொழி என்பது என்ன வகை எழுத்து என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாரம் இறங்கும். அதே புத்தகத்தில் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே கொடு என்கிறது. முரண்பாடு இல்லை, ஞானமொழி அப்படித்தான் பேசும். பொதுவாக வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லும், எந்த நேரத்தில் எது என்பதை நம்மிடம் விடும். கையெழுத்துப் போட்ட உத்தரவாதப் பத்திரம் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கர்த்தரிடம் வழக்காட முடியாது.

அன்னாளின் மகனையே பாருங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி. அவர் மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். இதைவிட மேலே போங்கள்: "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன்; அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்." ஏசாயா 1:2. பேசுகிறவர் கர்த்தர். அவருடைய வளர்ப்பில் குறை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

எல்லாப் பழியிலிருந்தும் நம்மை விடுவிக்க இதைச் சொல்லவில்லை. ஏலி கடிந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மகன்கள் செய்வது தெரிந்தும் அவர்களை அடக்காமல் விட்டார். நம் பங்கு உண்மைதான். அது முழுக்கணக்கு இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

வாலிப வயது மகன் இனிமேல் சபைக்கு வரமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

குழுவில் இந்தக் கேள்வி வரும்போது அறை அமைதியாகிவிடும். அநேகமாக யாராவது ஒருவர் மோனிக்காவைப் பற்றிச் சொல்வார். அந்தக் கதையை முழுதாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் நாம் வழக்கமாகக் கேட்பது அதன் இனிப்பான பகுதி மட்டும்.

வட ஆப்பிரிக்காவின் தாகாஸ்தே ஊரில் 354-ஆம் ஆண்டு பிறந்தவர், பின்னாளில் பேராயராகவும் சபையின் பெரிய போதகராகவும் ஆன அகஸ்டின். மோனிக்கா அவருடைய அம்மா. மகன் வாலிபத்தில், சபை ஏற்காத போதனை கொண்ட மானிக்கேயர் என்ற குழுவோடு சேர்ந்துவிட்டார். ஒரு பேராயரிடம் போய், மகனோடு நீங்கள் பேச வேண்டும் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். இப்போது எதுவும் அவன் காதில் ஏறாது, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அவள் விடவில்லை, அழுதுகொண்டே நின்றாள். அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னார்: இத்தனை கண்ணீர் சிந்தப்பட்ட பிள்ளை அழிந்துபோக முடியாது. அதை அவர் சற்றுச் சலிப்போடுதான் சொன்னார் என்று அகஸ்டினே எழுதியிருக்கிறார். போய் வா அம்மா என்கிற தொனி. ஆனால் மோனிக்கா அதை வானத்திலிருந்து வந்த குரலாக எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் 383-இல் அகஸ்டின் ரோமாபுரிக்குப் போக முடிவு செய்தார். அம்மா கடற்கரைவரை வந்து பிடித்துக்கொண்டாள். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்திலிருந்த ஒரு ஆலயத்தில் அவளைத் தங்கவைத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் ஏறிவிட்டார். உள்ளே அவள் என்ன ஜெபித்துக்கொண்டிருந்தாள் தெரியுமா? அவன் போகக் கூடாது என்று. காலையில் கரையில் நின்று கதறினாள்.

அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருந்தால் அவர் இத்தாலிக்குப் போயிருக்க மாட்டார். மிலானில் அம்புரோஸ் பேராயரின் பிரசங்கத்தைக் கேட்டிருக்க மாட்டார். 387-இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றிருக்க மாட்டார். அவள் எப்போதும் கேட்டதைக் கொடுப்பதற்காக, அந்த ராத்திரி கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை என்று பின்னாளில் அகஸ்டின் எழுதினார். மகன் ஞானஸ்நானம் பெற்ற அதே ஆண்டு ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்துபோனாள்.

எல்லா மோனிக்காக்களுக்கும் முடிவு இப்படி அமைவதில்லை. தனக்கு எதிராகக் கலகம் செய்து கொல்லப்பட்ட மகன் அப்சலோமுக்காக "நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும்" என்று அழுத தாவீதுக்கு அமையவில்லை. அதனால் இந்தக் கதையைச் சூத்திரமாகச் சொல்ல மாட்டேன். அந்தக் கடற்கரைக் காலை எனக்கு முக்கியம். மறுக்கப்பட்ட ஜெபத்தின் நடுவில் நிற்கிற ஒரு அம்மாவுக்கு, அது எதன் நடுப்பகுதி என்று தெரியாது.

நடைமுறைக்கு வந்தால், என் அனுபவத்தில் சில. சாப்பாட்டு மேஜையைப் பிரசங்க மேடை ஆக்காதீர்கள். அவன் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லத் துடிக்காதீர்கள். "எனக்கும் அது முழுசாப் புரியலடா" என்று சொன்ன அன்றுதான் என் மகன் மேற்கொண்டு பேசினான். மற்ற பெற்றோரிடம் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவன் சங்கதியை விரித்து வைக்காதீர்கள். அது எப்படியும் அவன் காதுக்குப் போய்ச் சேரும். லூக்கா 15-இல் வரும் தகப்பன், வீட்டை விட்டுப் போயிருந்த இளைய மகனைத் தூரத்தில் வரும்போதே கண்டு ஓடினார். வீட்டுக்கு வரும் வழி அவனுக்குத் தெரிந்திருந்தது, வந்தால் என்ன வரவேற்பு என்பதுதான் தெரியாமல் இருந்தது. "என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்" என்று வசனம் பேசிப் பழகிக்கொண்டு வந்தான். அதைச் சொல்லி முடிக்கவே அப்பா விடவில்லை.

பிரம்பைக் கையாடச் சொல்லியிருக்கிறதே, அடித்து வளர்க்கலாமா?

நீதிமொழிகள் 13:24-ஐ எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது, எபேசியர் 6:4-ஐயும் அதே வேகத்தில் எடுப்பீர்களா என்று. பிதாக்களே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிறது அது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: "திடனற்றுப்போகாதபடி". பிள்ளைகள்மேல் தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் கொடுத்த ரோமச் சட்டத்தின் காலத்தில் பவுல் இதைத் தகப்பன்மாருக்கு எழுதினார். அந்த நாளில் அதுதான் புதுமை. பிள்ளை கீழ்ப்படிய வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. அங்கே பிரம்பு என்று வரும் எபிரெயச் சொல்தான் 23-ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்பதில் கோலாக வருகிறது. ஆட்டுக்குத் தேறுதல் தரும் கோல். உங்கள் கையிலிருப்பதைப் பார்த்தால் உங்கள் பிள்ளைக்கு அந்தச் சங்கீதம் நினைவுக்கு வருமா? கண்டிப்பு வேண்டும், ஒழுங்கு வேண்டும். அடி இல்லாமலே இரண்டும் முடியும் என்பது என் முடிவு. அதற்கு வருவதற்கு முன் நான் அடித்த அடிகளை என் மகள் இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. விசுவாசம் போதவில்லை என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களை லூக்கா 1:6-ஐப் படிக்கச் சொல்லுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள். அடுத்த வசனம்: அவர்களுக்குப் பிள்ளையில்லை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. பிறவிக் குருடனைக் காட்டி, பாவஞ்செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் 9. குறைபாடுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களும் இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

அன்னாளின் கணவன் எல்க்கானா நல்ல மனுஷன். ஆனாலும் "பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலல்லவா" என்ற பொருளில் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. சில ஆறுதல்களுக்குப் பதில் கிடையாது.

பிள்ளையை இழந்தவர்களிடம் என்ன சொல்வது?

குறைவாக. யோபு பிள்ளைகளை இழந்தபோது அவன் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள்.

2 இராஜாக்கள் 4-இல் சூனேம் ஊர்ப் பெண்ணின் மகன் அவள் மடியிலேயே இறந்துபோகிறான். அவள் தீர்க்கதரிசி எலிசாவைத் தேடிப் போகிறாள். வழியில் அவருடைய வேலைக்காரன் கேயாசி வந்து, சுகமா, புருஷன் சுகமா, பிள்ளை சுகமா என்று விசாரிக்கிறான். "சுகந்தான்" என்கிறாள். நம் சபைகளில் நடப்பது இதேதான். எப்படி இருக்கீங்க? ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம். தீர்க்கதரிசியின் காலைப் பிடித்த பிறகுதான் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன: நான் உம்மிடம் பிள்ளை கேட்டேனா? எலிசா அவளைத் திருத்தவில்லை. அவள் துக்கத்தைக் கர்த்தர் தனக்கு அறிவிக்காமல் மறைத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டார். கேயாசியிடம் சுகந்தான் என்று சொல்கிறவர்களுக்கு, காலைப் பிடிக்க ஒரு இடம் வேண்டும். முடிந்தால் அந்த இடமாக இருங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள்.

நீளத்தைக் குறையுங்கள். உபாகமம் 6:7, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுக்கிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்கிறது. அதில் முழங்காலில் அரைமணி நேரம் என்று இல்லை.

சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களில் வீட்டிலிருந்தவர்களோடு வாரத்தில் ஆளுக்கொரு மாலை தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுடைய முறை வியாழக்கிழமை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஜான் வெஸ்லி வளர்ந்த பிறகும், அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை எனக்காக ஒதுக்க முடியுமா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு இரண்டே பிள்ளைகள். ஆளுக்கொரு மாலை ஒதுக்குவது என்னால் தொடர்ந்து முடிந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. போதுமா?

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அவனுக்குள் இருந்த விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்கிறார் பவுல். சரி, அடுத்த கேள்வி.

பிள்ளையின் எதிர்காலத்துக்காக எப்படி ஜெபிப்பது?

செபெதேயுவின் மனைவி ஜெபித்த மாதிரி நான் பல வருஷம் ஜெபித்தேன். என் இரண்டு மகன்களும் உமது ராஜ்யத்தில் ஒருவன் வலது பக்கம், ஒருவன் இடது பக்கம் உட்கார வேண்டும் என்று அவள் இயேசுவிடம் கேட்டாள், மத்தேயு 20. தாய் கேட்கும் சாதாரண ஜெபம்தான்: நல்ல இடம், உறுதியான இடம், மற்றவர்களுக்கு முந்தி. நீங்கள் கேட்பது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்றார் அவர்.

ஏழு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். இயேசு சிலுவையில். வலதுபக்கத்தில் ஒருவன், இடதுபக்கத்தில் ஒருவன், இரண்டு கள்ளர். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்ப் பட்டியலை மத்தேயு தருகிறார். அதில் செபெதேயுவின் குமாரருடைய தாயும் இருக்கிறாள். தான் கேட்ட இடங்களை அன்று கண்ணால் பார்த்தாள். என்ன நினைத்திருப்பாள் என்று மத்தேயு எழுதவில்லை.

இப்போதும் நல்ல வேலைக்கும் நல்ல துணைக்கும் ஜெபிக்கிறேன். கேட்டுவிட்டு, கேட்டது இன்னதென்று எனக்குத் தெரியாமலும் இருக்கலாம் ஆண்டவரே என்று சேர்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை வீட்டை விட்டுப் போகும் நாளை எப்படித் தாங்குவது?

மோசேயின் தாய் மூன்று மாதம் பிள்ளையை ஒளித்துவைத்தாள். அதற்குமேல் முடியாமல் நாணற்பெட்டி ஒன்றை எடுத்து, பிசினும் கீலும் பூசி, அதில் அவனை வைத்து நதியோரத்து நாணலுக்குள் விட்டாள். என்ன நடக்கிறது என்று பார்க்க அக்காள் தள்ளி நின்றாள். ஓட்டை இல்லாமல் பூசியது அவள் வேலை. பார்வோனின் மகளை அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வரவைப்பது அவள் கையில் இல்லை.

போன வருஷம் என் மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனாள். கிளம்பும் முன் பெட்டியை மூன்று தடவை பிரித்து அடுக்கினேன். காய்ச்சல் மாத்திரை, குடை, ஒரு சின்ன வேதாகமம், ஊசி நூல். "அம்மா, அங்கேயும் கடை இருக்கும்" என்றாள். ரயில் நகர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து, அவள் அறையில் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. பழைய பழக்கத்தில் அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

பிறந்தநாளுக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்பினேன். தோள் பிடிக்கிறதாம், ஒரு அளவு பெரியதாக மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.